பேசுகிற வானொலி: ஹாம் கழகங்களும் டிஜிற்றல் ரிப்பீற்றரும்

வானொலி எண்டால் எங்களுக்கு அது கேட்கிற சாமான். பஸ்ஸில ட்ரைவர் போட்டுவிடுவார், நாங்கள் கேட்போம். அறிவிப்பாளர் பேசுவார், நாங்கள் கேட்போம். அந்தப் பெட்டிக்குள்ளால் நாங்களும் திருப்பிப் பேசலாம் என்ற எண்ணமே எங்கட தலைமுறைக்கு வந்ததில்லை. ஆனால் வானொலியின் ஆரம்ப வரலாற்றைப் புரட்டினால் கதை தலைகீழாகக் கிடக்கிறது. முதலில் வந்தவர்கள் பேசிப்பார்க்க ஆசைப்பட்ட பொழுதுபோக்காளர்கள். நிலையங்களும் கூட்டுத்தாபனங்களும் பிறகுதான் வந்தன.

இலங்கையையே எடுப்போம். தந்தித் திணைக்களத்துக்குத் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வேர்ட் ஹார்ப்பர் 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பிக் கருவியைக் கட்டினார்கள். அதே ஹார்ப்பர்தான் பிரித்தானிய, இலங்கை ஆர்வலர்களைச் சேர்த்து ‘சிலோன் வயர்லெஸ் கிளப்’ என்ற கழகத்தையும் அமைத்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஆசியாவிலேயே மூத்த நிலையங்களில் ஒன்று என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமைக்குப் பின்னால் கம்பியும் வால்வுமாக விளையாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் இருந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். சென்னையில் 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் ‘மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப்’ உருவானது. அரசாங்கம் அல்ல, ஒரு கழகம்தான் அந்நகரத்துக்கு முதன்முதலாக ஒலிபரப்பியது. காசில்லாமல் 1927இல் கழகம் மூடப்பட்டது. கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள், மாநகராட்சி 1930இல் அதை வைத்து ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. கழகத்திடமிருந்து நகரசபைக்கு, நகரசபையிடமிருந்து அரசுக்கு. பதினாலு வருசத்துக்குள் பேசுகிற உரிமை கை மாறிப்போன விதத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

ஒலிபரப்பு அரசின் கைக்குப் போன பிறகும் பொழுதுபோக்காளர்கள் ஓயவில்லை. அவர்களுக்கென்று சில அலைவரிசைகள் சர்வதேச உடன்படிக்கைகளில் ஒதுக்கப்பட்டன. பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, ஓர் அழைப்புக்குறி வாங்கினால் அங்கே பேசலாம். இவர்களைத்தான் ஹாம் என்கிறார்கள். இலங்கையின் குறி காலனிக்காலத்தில் விஎஸ்7 என்று தொடங்கியது, பிறகு 4எஸ்7 ஆனது. வியாபாரம் பேசக்கூடாது, இரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது. கேட்க விரும்புகிற எவருக்கும் கேட்கவேணும். நல்ல விதிகள்தான்.

ஆனால் வடக்குக் கிழக்கில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடம் எங்கே இருந்தது? 1990இலிருந்து பல வருசம் யாழ்ப்பாணத்துக்குத் தேசிய மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் எங்கட அப்பா அம்மாமார் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். ஒருத்தர் சுத்த, பத்துப்பேர் கேட்கிற வானொலி அது. அந்தக் கெட்டித்தனம் எந்த நாட்டு ஹாம் கழகத்துக்கும் குறைந்ததில்லை என்பது எங்கட எண்ணம். வித்தியாசம் ஒன்றுதான்: அது கேட்பதற்கு மட்டும். பேசுகிற கருவிக்கு ஊரில் ‘வோக்கி’ என்று பேர், அது துவக்கு வைத்திருந்தவர்களின் கையில் இருந்தது. வீட்டில் அன்ரெனா கட்டிப் பேசிப்பார்க்கிற பிள்ளையை எந்தத் தரப்பு சும்மா விட்டிருக்கும்? இரண்டு தலைமுறை கேட்கப் பழகியது, பேசப் பழகவில்லை.

பேசத் தெரிந்தவர்களின் பெறுமதி 2004 டிசம்பர் 26இல் தெரிந்தது. அந்தமானில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண் ஹாம், ஹைதராபாத்திலிருந்து வந்த குழுவோடு போர்ட் பிளேயரில் தங்கியிருந்தார். நிலநடுக்கம் வந்தபோது அவரது நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. தொடர்புகள் அறுந்துபோன தீவுகளிலிருந்து உயிரோடு இருப்பவர்களின் தகவல்கள் அந்தக் குழுவின் வழியாகத்தான் வெளியே போகத் தொடங்கின. இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் அவரது ஹாம் தோழர்களும் அம்பாந்தோட்டைக்குச் சிற்றலைக் கருவிகளோடு ஆட்களை அனுப்பி, கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். செய்மதித் தொலைத்தொடர்பைப் பற்றி 1945இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் வாழ்ந்துகொண்டிருந்த நாட்டில், அந்த நேரத்துக்குக் கைகொடுத்தது கார் பற்றரியில் ஓடக்கூடிய பழைய சிற்றலை.

இனி ரிப்பீற்றருக்கு வருவோம். கையில் பிடிக்கிற சின்ன விஎச்எஃப் கருவி அநேகமாக 5 வாட்தான் அனுப்பும். அதன் அலை நேர்கோட்டில் போகிறது, கட்டடமும் மலையும் மறித்தால் சரி, முடிஞ்சுது. அதனால் உயரமான ஓரிடத்தில் ஒரு கருவியை வைப்பார்கள். அது ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். 2 மீற்றர் பட்டையில் இந்த இரண்டுக்கும் இடையில் வழக்கமாக 600 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி. இரண்டு ஊருக்கு நடுவில் சந்தியில் நின்று, இங்கால கேட்டதை அங்கால கத்திச் சொல்கிற ஆள் மாதிரி. ஹாம் கழகம் எண்டு ஒன்று பல ஊர்களில் உயிரோடு இருப்பதற்குக் காரணமே இந்தப் பெட்டிதான். தனியாள் மலையுச்சியில் இடம் எடுக்கவும் மாட்டார், கரண்ட் பில் கட்டவும் மாட்டார். பத்துப்பேர் சேர்ந்தால்தான் நடக்கும்.

டிஜிற்றல் இதற்குள் நுழைந்தது ஜப்பானிலிருந்து. 1990களின் கடைசியில் ஜப்பான் அமெச்சூர் ரேடியோ லீக், அரசு நிதியோடு ஆராய்ச்சி செய்து டி-ஸ்டார் என்ற முறையை உருவாக்கியது. குரலை இலக்கமாக்கி நொடிக்கு 4800 பிற் வேகத்தில் அனுப்புவது. அதில் 1200 பிற் எழுத்துத் தரவுக்கு, மிச்சம் குரலுக்கும் பிழை திருத்தத்துக்கும். பேசுகிறவரின் அழைப்புக்குறி குரலோடு சேர்ந்தே போகும். ரிப்பீற்றரை இணையத்தில் இணைத்தால் யாழ்ப்பாணத்தில் கைக்கருவியில் பேசுவது ரொறன்ரோவில் கேட்கும். பிறகு, தொழில்துறைக்கென்று உருவான டிஎம்ஆரை ஹாம்கள் தங்களுக்கு வளைத்துக்கொண்டார்கள். ஒரே 12.5 கிலோஹேர்ட்ஸ் அலைத்தடத்தை 30 மில்லிசெக்கன் துண்டுகளாக மாறிமாறிப் பங்கிட்டு, இரண்டு உரையாடலை ஒரே பெட்டியால் அனுப்புகிற முறை அது. 2013இல் யேசு நிறுவனம் தன் பங்குக்கு இன்னொன்றைக் கொண்டுவந்தது. மூன்றும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. சாதி பார்க்கிற சங்கங்கள் மாதிரி.

கழகங்களுக்குள் சண்டை வந்தது இதில் இல்லை, குரலைச் சுருக்குகிற சின்ன சிப்பில். டி-ஸ்டாரும் மற்றவையும் நம்பியிருந்தது அமெரிக்க நிறுவனமொன்றின் ஆம்பி என்ற முறையை. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பது காப்புரிமைக்குள் பூட்டியிருந்தது, சிப்பைக் காசு கொடுத்து வாங்கவேணும். எல்லாத்தையும் கழற்றிப்பார்த்துப் பழகின கூட்டத்துக்கு முதற்தடவையாக, கழற்றக்கூடாத ஒரு சாமான் கைக்கு வந்தது. திறந்த மென்பொருள் இயக்கத்தின் புறூஸ் பெரென்ஸ் இதை எதிர்த்துப் பேசினார். அவுஸ்திரேலியாவின் டேவிட் ரோ ‘கோடெக் 2’ என்ற சுருக்குமுறையை எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். அதை அடிப்படையாக வைத்து 2019இல் போலந்து ஹாம் ஒருவர் தொடங்கியதுதான் எம்17.

இது ஏதோ எஞ்சினியரிங் பெடியளின் பிரச்சினை எண்டு எங்களால் கடந்துபோக முடியவில்லை. கலைப்பீடத்தில் மூன்று வருசமாக ‘ஊடகத்தின் உடைமை யாருடையது’ என்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்வி பத்திரிகை முதலாளியோடு முடிகிறதில்லை, ஒரு சிப்புக்குள்ளும் இருக்கு.

இன்னொரு விசயம். சாதாரண எஃப்எம்மில் அலை பலவீனமானால் இரைச்சல் கூடும், ஆனாலும் பழகின காது சொல்லைப் பிடிச்சிடும். டிஜிற்றல் அப்படியில்லை. ஓரெல்லை வரைக்கும் தெளிவு, அதைத் தாண்டினால் ரோபோ மாதிரி ரெண்டு சத்தம், பிறகு மௌனம். இணையத்தை நம்பிய ரிப்பீற்றர் வலையமைப்பும் கேபிள் அறுந்த அன்றைக்குத் தன் மலையைச் சுற்றி மட்டும்தான் பேசும். புயல் வெள்ளத்தில் முதலில் போவது கரண்டும் இணையமும்தான். அதனால் டிஜிற்றலுக்கு மாறுகிற கழகம் பழைய எஃப்எம்மைக் கழற்றி வீசக்கூடாது என்பது எங்கட கருத்து. ரெண்டையும் கேட்கிற கலப்பு ரிப்பீற்றர்கள் இருக்கவே இருக்கின்றன. வாங்குவதானால் திறந்த முறையை வாங்கவேணும். பாடங்களைத் தமிழில் எழுதவேணும், அதைத் தொடங்குவதற்கு லைசென்ஸும் தேவையில்லை.

உயரத்துக்கு என்ன செய்வது எண்டு நண்பர்கள் கேட்கிறார்கள். கொழும்புக்காரருக்கு மத்திய மலைநாடு இருக்கு. வடக்கில் உயரம் என்றால் கோபுரம்தான், அதற்கும் ஒரு யுத்த வரலாறு இருக்கு. கொக்காவில் ஒலிபரப்பு நிலையம் 1990இல் சண்டைக்குள் போனது, இப்போதைய 174 மீற்றர் கோபுரம் 2011இல்தான் எழும்பியது. அதில் எங்களைப்போன்ற பெடியளுக்கு யாரும் இடம் தரப்போவதில்லை. ஆனால் குடாநாடு தட்டை. மறிக்க மலையில்லை, பனைதான் இருக்கு. பனைக்கு மேலால் தலை நீட்டுகிற ஒரு தண்ணித் தாங்கி, ஒரு கம்பி, ஒரு சோலார் தகடு, ஒரு லொறி பற்றரி. தொடங்க அது போதும்.