பரிந்துரையும் பிணையும்: கோலசிலாங்கூர்த் தோட்டங்களும் கங்காணி உரிமமும்

முன்னுரை

ஒருவர் பணியில் அமர்வது தம் தகுதியாலா, தமக்காகப் பேசும் வேறொருவரின் சொல்லாலா என்னும் வினா எல்லா ஆட்சிகளிலும் எழுந்த ஒன்றாகும். அரசு அலுவல் குறித்து இவ்வினாவை ஆராய்ந்தோர் பலர். தோட்டப்புறத்துத் தமிழரின் வாழ்வோடு இதனைப் பொருத்திப் பார்த்தோர் சிலரே. சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களை முன்வைத்து, பரிந்துரை என்னும் வழக்கம் இங்கு எவ்வாறு இயங்கியது என்பதை இக்கட்டுரையில் நாம் காண முற்படுவோம்.

உரிமத்தில் அமைந்த பரிந்துரை

இவ்வட்டாரம் மலாயாத் தோட்டத் தொழிலின் வரலாற்றில் தனியிடம் உடையது. நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இங்குள்ள தெனமாரம் தோட்டத்தில்தான் உருவாயிற்று. அதனை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோன்னியே, மலாயாத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்ட தம் புதினத்திற்காக 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றார். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ்ச் சொல் ஒலிக்கிறது. அப்பெயரைத் தந்த மொழியைப் பேசிய உழைப்பாளர் எவ்வாறு இங்கு வந்து சேர்ந்தனர் என்பதே நம் வினா.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி, தோட்ட உரிமையாளரிடம் வரி பெற்றுத் தொழிலாளரின் கப்பற்செலவை ஏற்றது. ஆள் திரட்டும் பொறுப்பு பெரும்பாலும் கங்காணியைச் சார்ந்தது. தம் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரைத் தெரிந்தெடுத்து அவர் பெயரில் உரிமம் பெற்று ஊருக்கு அனுப்புவார் தோட்டத் துரை. அவ்வுரிமம் அரசாங்கத்தின் தொழிலாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். தமிழகத்துக் கிராமத்தில், புறப்படுவோர் செல்வதற்குத் தடையில்லை என்று கிராம முன்சீப் சான்றளிக்க வேண்டும். நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ இருந்த முகாமில் அவர்கள் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற முடியும்.

இவ்வேற்பாட்டைக் கூர்ந்து நோக்கின், அது பரிந்துரைகளின் தொடர் என்பது புலனாகும். துரை கங்காணிக்குச் சான்று. கங்காணி ஊராருக்குச் சான்று. முன்சீப் புறப்படுவோருக்குச் சான்று. ஆனால் எவருக்காக இத்தனை கையொப்பங்கள் இடப்பட்டனவோ, அவருள் பெரும்பாலோர் அத்தாளைப் படிக்க இயலாதவர்.

அமெரிக்க அனுபவம்

பரிந்துரையால் ஆள் அமர்த்துவது காலனி ஆட்சிக்கு மட்டும் உரியதன்று. மன்னராட்சியை விலக்கிப் பிறந்த அமெரிக்கக் குடியரசும் இதில் உழன்றது. 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவரானபோது, பதவி வேண்டிய விண்ணப்பங்களும் பரிந்துரைக் கடிதங்களும் அவரிடம் குவிந்தன. அவருடைய உடன்பிறந்தார் மகன் புஷ்ராட் வாஷிங்டன், வர்ஜீனியாவில் அரசு வழக்கறிஞர் பதவியை நாடினார். மூத்த வழக்கறிஞர் பலர் இருக்க உறவினரை உயர்த்துதல் தகாது என்று கருதிய வாஷிங்டன் அதற்கு இசையவில்லை.

அந்நிதானம் நீடிக்கவில்லை. 1829-இல் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்திலிருந்து அரசு அலுவல் கட்சிப் பணிக்குரிய கைம்மாறாக வெளிப்படையாகவே வழங்கப்படலாயிற்று. 1881-இல் பதவி கிடைக்காத ஒருவர் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டார். காயமுற்ற அவர் அவ்வாண்டே மறைந்தார். 1883-இல் இயற்றப்பட்ட பெண்டில்டன் சட்டம் தேர்வின்வழி ஆள் அமர்த்தும் முறையைக் கொணர்ந்தது. தொடக்கத்தில் கூட்டரசுப் பணிகளுள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அதன்கீழ் வந்தது.

வேறுபாடு எங்கே?

இரண்டையும் ஒப்பிடும்போது ஓர் அடிப்படை வேறுபாடு தெளிவாகிறது. வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதியவர் தம் நற்பெயரைப் பிணையாக வைத்தார். பரிந்துரைக்கப்பட்டவர் தவறினால் பழி அவரையும் சாரும். தோட்டத்திலோ பிணையானவர் பரிந்துரைக்கப்பட்ட தொழிலாளரே. கங்காணி திரட்டி வந்த ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு கிடைத்தது. ஆள் ஓடிப்போனால் அவருக்கு இழப்பு. ஆகவே ஊரில் உறவு முறை சொல்லி அழைத்து வந்தவரே இங்கு வரவைக் கணக்கிடுபவராகவும், கடன் கொடுப்பவராகவும், துரையிடம் பேசுபவராகவும் ஆனார். கங்காணி தோட்டம் மாறினால் அவருடைய ஆட்களும் உடன் செல்வதுண்டு. துரையும் அவரைப் பகைக்கத் தயங்கினார். பரிந்துரைத்தவரே பயனடைபவராகவும் இருந்தமையால், பரிந்துரை மெல்ல உடைமையுரிமை போலாயிற்று.

கங்காணிகள் அனைவரும் கொடியவர் என்று கூறுவது வரலாறாகாது. வேற்று நாட்டில் மொழி தெரியாத துரைக்கும் தொழிலாளருக்கும் இடையே அவர் ஒருவரே பாலமாக இருந்தார். குறை மனிதரிடத்து மட்டுமன்று. பாலம் ஒன்றே இருந்ததில்தான் உள்ளது. அலுவலகத்திலும் ஏறத்தாழ இதே நிலைதான். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் கிராணிமாராக அமர்ந்தனர். பால்மரம் சீவியவரின் மகன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகளே பயில முடிந்தமையால் அந்நாற்காலியை எட்டுவது அரிதாயிற்று.

தாளுக்கு அப்பால் எழுந்த குரல்

1936-ஆம் ஆண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1938-இல் உதவி பெற்ற குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்ததும் கங்காணி உரிமத்தின் காலம் முடிந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. அதனை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். சம்பள உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்க வேண்டும், குறை கூறுவோரைப் பழிவாங்குதல் கூடாது, சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்பனவும் அவர்களின் கோரிக்கைகள். இடையில் ஒருவர் நின்று பரிந்து பேசாமல் தாமே பேசும் உரிமையை இவை கோரின எனலாம்.

முடிவுரை

ஆவணக் காப்பகங்களில் கையொப்பமிட்டவர்களின் பெயர்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. கையொப்பத்தின்கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே எஞ்சுகின்றனர். ஆதலின் அத்தாள்களைப் படிக்கும் ஆய்வாளர், யார் யாருக்காகப் பரிந்துரைத்தார் என்பதோடு, அதனால் யார் பயனடைந்தார் என்றும் வினவுதல் வேண்டும். கங்காணி உரிமம் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எனினும் பள்ளி இடத்திற்கும் உதவித் தொகைக்கும் தலைவர் ஒருவரின் ஆதரவுக் கடிதத்தைத் தேடும் பழக்கம் நம்மிடையே மறையவில்லை. உரிமையாகப் பெறவேண்டியதை ஒருவர் தயவாகப் பெறும்வரை அவ்வினா பழையதாகிவிடாது.