கடல் கடந்தோர் உடைமை: யாழ்ப்பாணத்து வீடுவளவு ஆட்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

யாழ்ப்பாணத்து மக்கள் வாழ்விற் காணியும் வீடும் வெறும் பொருளாக மாத்திரம் மதிக்கப்பட்டனவல்ல. பெற்றோர்வழி வந்த முதுசொமாகவும், பெண்ணுக்குக் கொடுத்த சீதனமாகவும், கணவனும் மனைவியும் ஈட்டிய தேடியதேட்டமாகவும் அவை குடும்ப உறவோடு பிணைந்து நின்றன. எனினும், அவ்வுடைமையை ஊரில் வைத்துவிட்டுப் பிறநாடு சென்று பொருளீட்டுதலும் இந்நாட்டவரின் வழக்கமாயிற்று. உடையவன் ஓரிடத்திலும் உடைமை வேறோரிடத்திலும் இருக்குங்கால், குடியிருப்பவனிடம் வாடகை பெறுதலும், எல்லை காத்தலும், உரிமை அழியாது பேணுதலும் எவ்வாறு நடைபெற்றன? தூரத்திலிருப்பவனைச் சட்டம் எவ்வாறு நோக்கிற்று? இவ்விரு வினாக்களையும் வரலாற்று முறையில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேசவழமையும் தூரமும்

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் ஆட்சியிலே, திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707இல் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்தார். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அத்தொகுப்புக்குச் சட்டவலு அளித்தனர். அதிற் காணி விற்பனை பற்றிய பகுதி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டப்படுவது. ஒருவன் தன் காணியை விற்க எண்ணின், உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அக்காணியை ஈடாகப் பெற்ற அயலவருக்கும் முதற்கண் அறிவித்தல் வேண்டும். அவர்கள் வாங்க விரும்பாதவிடத்தே பிறர்க்கு விற்கலாம். இதற்குரிய தவணை தூரத்தை நோக்கி வகுக்கப்பட்டிருந்தது. அவ்வூரில் இருப்போர்க்கு 1 மாதம். அக்கோயிற்பற்றில் வேற்றூரில் இருப்போர்க்கு 2 மாதம். வேறு மாகாணத்தில் இருப்போர்க்கு 3 மாதம். பிறநாட்டில் இருப்போர்க்கு 1 ஆண்டு.

ஒருவன் ஊரை விட்டகன்றமையால் அவன் உரிமை தேய்வதில்லை, அதனை அவன் செலுத்துதற்கு வேண்டிய காலமே கூடுகின்றது என்பதே இவ்வழமையின் உட்பொருளாகும். ஒல்லாந்தரோ, விற்பனையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திற் பகிரங்கப்படுத்தினாற் போதும் என்று விதித்தனர். ஓராண்டு மூன்று வாரமாய்க் குறுகிற்று. ஊரிலுள்ளோர்க்கு அது வசதியே. கடலுக்கு அப்பாலுள்ளவன் செவிக்கு அவ்வறிவித்தல் எட்டுமாறில்லை.

மலாயா சென்றோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினா பெரிதாயிற்று. மலாயாவில் 1885இல் தைப்பிங்குக்கும் போட் வெல்டுக்கும் இடையே புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1896இற் கூட்டு மலாய் நாடுகள் அமைந்தன. எழுதுவினைஞரும் நில அளவையாளரும் நிலைய அதிபரும் ஆங்கு வேண்டப்பட்டனர். மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பெருந்தொகையாகக் கப்பலேறினர். அவருட் பலர் சம்பளத்தின் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பிக் காணி வாங்கினர், கல்வீடு கட்டினர், முதுமையில் ‘மலாயன் பென்சனியர்’ என்ற பெயருடன் ஊர் திரும்பினர்.

இடைப்பட்ட முப்பது ஆண்டில் அவ்வீடுகளைப் பேணியோர் யாவர்? தமையனோ மைத்துனனோ மாமனோ பேணினர். காணியை ஒற்றி வைப்பின், வட்டிக்குப் பதிலாக விளைவை ஒற்றிகாரன் எடுத்துக்கொள்வான். மாதந்தோறுங் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆதலின் தூரத்திலிருப்போர்க்கு ஒற்றி இலகுவான வழியாயிற்று. வீட்டை வாடகைக்கு விடின் நிலைமை வேறு. கூரை மேய்தலும், கிணறு இறைத்தலும், வேலி அடைத்தலும் உரிய பருவத்தில் நடைபெறல் வேண்டும். இவற்றுள் வேலியே முதன்மையானது. வரகு விதைப்புக் கணக்கில் ஒரு பரப்பென்பது ஏக்கரில் 16இல் ஒரு பங்கு. வேலி ஒரு முழம் நகரினும் இழப்புப் பெரிதாகும். உடையவன் பாராத வேலி அயலவன் வசதிக்கேற்ப நகர்வது நாடறிந்ததே.

எழுத்தும் வாய்ச்சொல்லும்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம், காணி விற்பனையும் ஈடும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டுமென விதித்தது. மாதவாடகைக்கு இவ்விதி இல்லை. ஆகவே வீடுகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லாலேயே வாடகைக்கு விடப்பட்டன. தூரத்திலிருப்போன் தன் பொருட்டுக் கையொப்பமிட ஒருவனை நியமிப்பதற்கு அற்றோணித் தத்துவம் உதவிற்று. அதனைப் பதிவுசெய்தற்கு 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வழிசெய்தது. எனினும் உறவினனுக்குத் தத்துவம் எழுதுதல் அவனை ஐயுறுவதாகும் எனக் கருதி எழுதாது விட்டோர் பலர்.

இதனாலாகும் கேட்டினை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் காட்டும். உடையவனுக்கு மாறாகப் பத்தாண்டு இடையறாது காணியை ஆண்டவன் அதற்கு உரியவனாகலாம். ஆயின், உரிமை முதலில் மீறப்பட்ட காலத்து உடையவன் பாலனாகவோ சித்தசுவாதீனம் இல்லாதவனாகவோ கடல் கடந்தவனாகவோ இருப்பின், அந்நிலை நீங்கும்வரை பத்தாண்டுக் கணக்குத் தொடங்காது. கடல் கடந்திருத்தலைப் பாலப்பருவத்தோடு ஒருங்கு வைத்து எண்ணியமை நோக்கற்பாலது. அப்பாதுகாப்புக்கும் எல்லையுண்டு: முப்பதாண்டு எதிராட்சி நிகழ்ந்துவிடின் எக்குறைபாட்டையுங் காரணங்காட்டி மீட்டல் இயலாது. மலாயாவில் ஓர் உத்தியோகத்தன் கழித்த காலமும் ஏறத்தாழ அம்முப்பதாண்டே.

நீதிமன்றங்கள் இக்கடுமையை ஓரளவு தணித்தன. உடையவன் அனுமதியுடன் முகவனாகப் புகுந்தவன், அந்நிலையை வெளிப்படையாக விட்டொழித்தாலன்றி ஆட்சியுரிமை பெறான் எனக் கோமறைக் கழகம் 1903இல் தீர்த்தது. பங்காளி ஒருவனின் ஆட்சி ஏனைப் பங்காளரின் ஆட்சியுமாகும் என்பது 1911இல் அக்கழகம் உரைத்த முடிபு. ஆயின், ‘அனுமதியுடன் புகுந்தான்’ என்பதை நிறுவுதல் உடையவன் கடன். எழுத்தில்லாதவன் எதனைக் கொண்டு நிறுவுவான்?

பெண்டிர் நிலை

சீதனவீட்டுக்கு உரியவள் மனைவி. எனினும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் தன் காணியை வாழ்நாளில் விற்றலோ ஈடுவைத்தலோ இயலாது. 1941 டிசெம்பரில் யப்பானியர் மலாயாவிற் புகுந்தனர். 1942 பெப்புருவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945வரை கடிதமும் காசுக்கட்டளையும் நின்றன. கணவன் உயிருடன் உளனோ என்பதே அறியாத பெண், தன் சொந்த வீட்டைக் கொண்டு பிள்ளைகளை வளர்க்க விரும்பினும் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டியவளானாள். தூரம் இங்கே உடையவளையே தன் வாயிலிற் கட்டிவைத்தது.

பிற்காலம்

1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், பின்வந்த 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் குடியிருப்போனைக் காத்தன. அது வேண்டிய சீர்திருத்தமே. ஆயின் அயல்நாட்டிலிருந்து வழக்காடி வீட்டை மீட்டல் உடையவனுக்கு அரிதாயிற்று.

1983இன் பின் எழுந்த போர் முன்னைய அனுபவம் யாவற்றையும் விஞ்சியது. கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றோர் கடல் கடந்தோர். ஆனால் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தோரும் பெரும்பாலும் இலங்கையினுள்ளேயே இருந்தனர். புத்தளத்திலும் வன்னியிலும் இருந்தவன் தன் வீட்டு வாயிலை மிதிக்க இயலாதவனாயினும் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணிற் கடல் கடந்தவனல்லன். பத்தாண்டுக் கணக்கு அவனுக்கெதிராக ஓடலாம். இக்குறையை நீக்கவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தில், பயங்கரவாதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையைச் செலுத்த இயலாதுபோனோர்க்கு எதிராக அக்காலம் கணிக்கப்படாதென அச்சட்டம் விதித்தது. வேறு காரணங்களால் அகன்றோர் நிலை இச்சொற்களுள் அடங்குமா என்பது விவாதத்துக்குரியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, தூரத்திலிருப்போனை நம் பழைய வழமை தானே நினைவிற் கொண்டது. பின்வந்த சட்டங்கள் இழப்பு நேர்ந்த பின்னரே நினைந்தன. இரண்டாவது, ஊரில் இருந்து காத்தவனுக்கும் நியாயம் உண்டு. குண்டுவீச்சிடையே கூரை வேய்ந்தவனையும், வரி கட்டியவனையும், கிணற்றைத் தூராது காத்தவனையும் வெறும் அபகரிப்பாளனெனக் கூறல் அறமாகாது. நல்லெண்ணத்துடன் திருத்தஞ் செய்தவனுக்கு நட்டஈடு உண்டென உரோமன் டச்சுச் சட்டமும் ஏற்கின்றது.

ஆதலின், பிறநாடு செல்வோர் புறப்படுமுன்னரே வீட்டில் எவர் இருப்பார், என்ன உரிமையில் இருப்பார், அவர் செய்யுஞ் செலவு எவ்வாறு ஈடுசெய்யப்படும் என்பவற்றை நொத்தாரிசு முன்னிலையில் எழுதுவித்தல் வேண்டும். உறவினரிடையே எழுத்து எதற்கு என வினவுவோர் உளர். இத்தகைய வழக்குகள் உறவினரிடையேயும் எழுந்தன என்பதே அவர்க்கு விடையாகும்.