தம்பானை வேடர் பண்பாட்டுச் சுற்றுலா

கண்டிக்கு வரும் பயணிகள் இலங்கையின் தொல்குடியினரான வேடரைச் சந்திக்க மேற்கொள்ளும் பயணம். வேடர் தம்மை 'வன்னியல எத்தோ' (வனவாசிகள்) என்பர். ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்திலுள்ள தம்பானை இவர்களது முதன்மைக் குடியிருப்பு. கண்டியிலிருந்து ஏ26 நெடுஞ்சாலையில், கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மகியங்கனை சென்று, அங்கிருந்து இவ்வூரை அடையலாம்.

வரலாறு: கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் வேடரைப் பற்றி எழுதினார். சார்ல்ஸ், பிரெண்டா செலிக்மன் இணையரின் மானிடவியல் ஆய்வு நூல் 1911இல் வெளிவந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது, மரபுவழி வேட்டைக் காடுகளை இழந்த பல குடும்பங்கள் மகாவலித் திட்டக் குடியிருப்பான ஹெனானிகலைக்குப் பெயர்ந்தன. மூத்த தலைவர் திசாஹாமி 1998இல் மறைந்தபின் அவர் மகன் ஊருவரிகே வன்னில எத்தோ தலைமை ஏற்றார்.

காண்பவை: தலைவருடன் சந்திப்பு, அருங்காட்சியகம், வில்வித்தை, தீக்கடைதல், முன்னோர் ஆவிகளுக்கான 'கிரி கொரஹா' சடங்கு ஆட்டம். தேன், கைவினைப் பொருள்கள் விற்பனையும் உண்டு.

திறனாய்வு: சுற்றுலா வருவாய் தருகிறது, ஆனால் சடங்குகளைக் காட்சிப்பொருளாக்குகிறது என்ற விமர்சனமும் உள்ளது. மட்டக்களப்பு, வாகரைப் பகுதிகளில் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுவோர். அவர்களிடம் செல்லும் பயணிகள் குறைவு.