மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டாவும் கலிபோர்னியக் கவாசாகியும்

(ரொறொன்ரோவிலிருந்து நேரலையாக நடந்த இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவுஸ்திரேலியாவிலிருந்து இணைந்திருக்கும் நண்பர்களுக்கு இப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். நித்திரையை விட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி.

'மறக்க முடியாத தொலைக்காட்சித் தொடர்' என்பதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் சிறுவயதில் பார்த்தவற்றைச் சொன்னார்கள். நான் பேசப்போகும் தொடரை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வயது 24. தொடரின் பெயர் 'சிப்ஸ்'. கலிபோர்னியா நெடுஞ்சாலைப் பொலிசாரின் மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு எழுத்தைச் செருகி உண்டாக்கிய பெயர். ஜோன் பேக்கர், பொன்ச்சரெல்லோ என்ற இரண்டு பொலிஸ்காரர்கள் லொஸ் ஏஞ்சலிஸின் அகன்ற சாலைகளில் மோட்டார் சைக்கிளில் அருகருகே போவார்கள். லொறி கவிழும், கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இவர்கள் போய் ஆட்களை இழுத்து எடுப்பார்கள். இடுப்பில் துப்பாக்கி இருக்கும், ஆனால் கதை அதை நாடிப் போகாது. முடிவில் எல்லோரும் சிரிப்பார்கள்.

1994 இல் நாங்கள் ஏழு பேர் ரொறொன்ரோவின் செயின்ற் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். வந்திறங்கிய தமிழர் பலருக்கும் அந்தக் கட்டடங்கள்தான் முதல் முகவரி. யாரோ தெருவில் வைத்துவிட்டுப் போன ஒரு தொலைக்காட்சிப் பெட்டி எங்களிடம் இருந்தது. அதன் அன்ரெனாவைத் தெற்கே, ஒன்ராறியோ ஏரியைப் பார்த்துத் திருப்பினால் ஏரிக்கு அப்பாலிருந்து பஃபலோவின் அமெரிக்க நிலையங்கள் விழும். அதைத் திருப்பும்போது எனக்கு யாழ்ப்பாணம் நினைவு வந்தது. 1980களின் தொடக்கத்தில் ரூபவாஹினி வந்த பிறகும் நாங்கள் கமுக மரத்தைவிட உயரமாகக் குழாய் நட்டு, கடலுக்கு அப்பாலிருந்த இந்தியத் தூர்தர்ஷனைப் பிடித்தவர்கள். பக்கத்து நாட்டின் படத்தைத் தண்ணீருக்கு மேலால் இழுத்து எடுக்கிற வித்தை எங்களுக்குப் புதிதல்ல.

அப்படி ஒரு பின்னேரம், ஏதோ ஒரு அலைவரிசையின் மறுஒளிபரப்பில் 'சிப்ஸ்' வந்தது. மோட்டார் சைக்கிள் பொலிஸ்காரன் ஒரு காரை மறிக்கிறான். ஓட்டி வந்தவர் அனுமதிப்பத்திரத்தை நீட்டுகிறார். ஏதோ பகிடி விடுகிறார்கள். பொலிஸ்காரன் சிரித்துவிட்டு அனுப்பி வைக்கிறான். எங்கள் ஏழு பேரில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு நண்பர் கேட்டார்: "உவன் பொலிஸ்காரன் என்னத்துக்குச் சிரிக்கிறான்?"

அந்தக் கேள்விதான் என்னை அந்தத் தொடரின் காலக்கணக்கைப் பார்க்க வைத்தது.

'சிப்ஸ்' முதன்முதலாக ஒளிபரப்பானது 1977 செப்டெம்பர் 15. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஓகஸ்ட் நடுவில், யாழ்ப்பாணத்தில் ஒரு களியாட்ட விழாவில் பொலிசாருக்கும் சனங்களுக்கும் மோதல் வந்து, அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, நாடு முழுவதும் தமிழர்மேல் பாய்ந்த கலவரமாக மாறியது. தொடரின் இரண்டாவது பருவம் முடிந்த 1979 இல் எங்களுக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அங்கே நின்றவர்களில் சீருடைக்காரரும் இருந்தார்கள். தொடரின் கடைசி அத்தியாயம் 1983 மே 1. அதன் பிறகு மூன்று மாதம் ஆகவில்லை, கறுப்பு யூலை.

ஆறு பருவம், 139 அத்தியாயம். அமெரிக்கப் பிள்ளைகள் சிரிக்கும் பொலிஸ்காரனைப் பார்த்து வளர்ந்த அந்த ஆறு வருடங்களில்தான், மோட்டார் சைக்கிள் சத்தம் படலையடியில் நின்றால் விளக்கை அணைக்க நாங்கள் பழகினோம். இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரே பெட்டியை ஒரே அறையில் இருந்து பார்க்கிற இரண்டு பேர் ஏன் ஒரே படத்தைப் பார்ப்பதில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

கலிபோர்னியாவிலும் அந்தச் சிரிப்பு முழு உண்மை அல்ல. 1991 மார்ச்சில் ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை நெடுஞ்சாலையில் துரத்திச் சென்றவர்கள் இதே நெடுஞ்சாலைப் பொலிசார். அவரை அடித்து நொறுக்கியவர்கள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிசார். செயின்ற் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் மறுஒளிபரப்புப் பார்த்தபோது அந்தச் செய்தி பழசாகியிருக்கவில்லை.

இனி வண்டிகளுக்கு வருவோம். இந்தத் தொடரை நினைத்து ஏங்குகிறவர்களில் பாதிப்பேர் நடிகர்களுக்காக ஏங்குவதில்லை, கவாசாகிக்காகத்தான் ஏங்குகிறார்கள். அமெரிக்கப் பொலிஸ் என்றால் ஹார்லி டேவிட்சன் என்றிருந்த காலத்தில், 1970களில், கவாசாகி உள்ளே நுழைந்தது. 1972 இல் வந்த இசற்-1 என்ற 903 சிசி வண்டியின் வழிவந்தவை அவை. பின்னர் 1015 சிசி கொண்ட கேஇசற்-1000. தொடரில் ஓடியவை இந்தக் குடும்பத்து வண்டிகள்தான். 1980களின் தொடக்கத்தில் வந்த பொலிஸ் மாதிரியை 2005 வரை நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் செய்தார்கள். ஒரே வடிவத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி என்றால், அதைத் திருத்தத் தெரிந்த ஒரு தலைமுறையே உருவாகியிருக்கும் என்று அர்த்தம். படப்பிடிப்பை இன்னும் போக்குவரத்துக்குத் திறக்காத நெடுஞ்சாலைத் துண்டுகளில் நடத்தினார்கள். அப்படியும் 1979 இல் பொன்ச்சரெல்லோவாக நடித்த எரிக் எஸ்ராடா வண்டியோடு விழுந்து பலத்த காயம்பட்டார். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை அவர். 2016 இல் ஐடஹோ மாநிலத்தின் சிறு நகரமொன்றில் உண்மையாகவே பொலிஸ் சேவையில் பதவியேற்றார். வேடம் ஆளை விடவில்லை.

எனக்கும் ஒரு வண்டி இருந்தது. அப்பாவின் ஹொண்டா சி-90. 1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கிடைத்தது. பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டலாம் என்று கண்டுபிடித்த மகானின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவாக ஆவியாகாது. அதனால் முதலில் ஒரு சின்னக் குப்பியிலிருந்து, ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் வழியாக, சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு உதைக்க வேண்டும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. பிளக்கில் கரி பிடித்து வண்டி நிற்கும். கழற்றி, உரஞ்சி, பூட்டி, மறுபடி உதைக்க வேண்டும். அந்தக் குப்பிப் பெற்றோல் தங்கத்துக்குச் சமம். அப்பா அதை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

அந்த வண்டியில் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம். விறகு ஏற்றியிருக்கிறோம். 1993 இல் நான் கிளாலிக் கரைக்குப் போனதும் அதில்தான். அப்பா இறக்கிவிட்டார். எஞ்சினை நிறுத்தாமலே "போட்டு வா" என்றார். நிறுத்தினால் திரும்ப எழுப்பப் பெற்றோல் வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தது. அப்பாவிடம் அன்று மண்ணெண்ணெயும் இல்லை. ஹொண்டாவில் இரண்டு உரப்பையைக் கட்டி, நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சி வரை தள்ளிக்கொண்டு போனார். ஒரு வீட்டு மாட்டுக் கொட்டிலில் விட்டார். ஆறு மாதம் கழித்துத் திரும்பி ஊருக்குப் போக வந்தபோது வண்டி அங்கே இல்லை. கடிதத்தில் எழுதியிருந்தார்: "ஆர் கொண்டு போனதெண்டு தெரியேல்லை. பிளக் மட்டும் என்னட்டை இருக்கு." களவு போகாமல் இருக்க அவர் பிளக்கைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

போன வருடங்களில் ஒருநாள், 2024 செப்டெம்பர் 13, வெள்ளிக்கிழமை, மகன் என்னைப் போர்ட் டோவருக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரொறொன்ரோவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம், ஈரி ஏரிக்கரை. 1981 இலிருந்து 13 ஆம் தேதி வெள்ளியில் விழும் போதெல்லாம் அந்தச் சிற்றூரில் மோட்டார் சைக்கிள்காரர் கூடுவார்கள். ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு நடுவே ஒரு வெள்ளை கறுப்புக் கவாசாகி, பழைய பொலிஸ் மாதிரி. பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். பின்னேரப் பள்ளி விட்டு வந்து 'சிப்ஸ்' பார்த்த தன் பிள்ளைகளுக்காக வாங்கியதாகச் சொன்னார். பிள்ளைகள் இப்போது தூரத்தில் இருக்கிறார்களாம். வண்டி மட்டும் இருக்கிறது.

"நீ எந்த வண்டி ஓட்டினாய்?" என்று கேட்டார். ஹொண்டா, 90 சிசி, மண்ணெண்ணெயில் என்றேன். ஓடாது என்றார். ஓடியது என்றேன். எப்படி என்று கேட்டார். சேலைன் குழாயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் மகன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். முப்பது வருடமாக அவனுக்கு நான் சொல்லாத கதையை ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். அவர்களுடைய வண்டி அருங்காட்சியகத்தில் நிற்கிறது, தொடர் இன்னும் ஓடுகிறது, உதிரிப்பாகம் விலைக்குக் கிடைக்கிறது. எங்கள் ஹொண்டாக்களுக்கு ஒரு படம்கூட இல்லாத வீடுகள் எத்தனையோ. மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்றிரவே கேளுங்கள்: குப்பியில் எத்தனை சொட்டு, எந்த எஞ்சின், யாரை ஏற்றிக்கொண்டு போனீர்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள்.

வீடு திரும்பும்போது மகன் கேட்டான்: "அந்தப் பிளக் இப்ப எங்கை, அப்பா?"

தெரியாது. அம்மாவைக் கேட்க வேண்டும்.