திருமணிமுத்தாற்றுப் படுகையின் நீர்த் தரம்

திருமணிமுத்தாறு என்பது தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பாயும் காவிரியின் துணையாறுகளுள் ஒன்றாகும். சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் இவ்வாறு, சேலம் நகரைக் கடந்து, ஆட்டையாம்பட்டி வட்டாரத்தின் வழியே தெற்கு நோக்கிச் சென்று காவிரியில் கலக்கின்றது. நீர்ச் சுழற்சியின்போது நீரின் தரம் எவ்வாறு மாறுகின்றது என்பதற்கு இதன் படுகை ஓர் எடுத்துக்காட்டாகும்.

நீர்ச் சுழற்சி

இப்படுகை பெரும்பாலும் கடினப் பாறை நிலமாகும். மழைநீர், பாறையின் சிதைந்த மேற்படலத்திலும் வெடிப்புகளிலும் மட்டுமே தேங்குகின்றது. கிணறுகளிலிருந்து வயலுக்குப் பாய்ச்சப்படும் நீரின் ஒரு பகுதி ஆவியாகின்றது. அதிலுள்ள உப்புகள் ஆவியாவதில்லை. எஞ்சிய நீர் அவ்வுப்புகளையும் உரத்திலுள்ள நைட்ரேட்டையும் கரைத்துக்கொண்டு மீண்டும் நிலத்தடியை அடைகின்றது. இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் உப்பின் செறிவு கூடுகின்றது.

மாசுபாடு

நகரின் சாக்கடை நீரும் சாயப்பட்டறைக் கழிவுகளும் ஆற்றில் கலந்து வந்துள்ளன. ஆற்று நீர் கரையோரக் கிணறுகளுக்குள் கசிவதால், ஆற்றின் மாசு கிணற்று நீரிலும் சேர்கின்றது.

தர அளவீடுகள்

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலை (ஐ.எஸ். 10500, 2012) ஒரு லிட்டருக்குப் பின்வரும் வரம்புகளை விதிக்கின்றது. அடைப்புக்குறிக்குள் உள்ளவை, வேறு நீர்மூலம் இல்லாதபோது ஏற்கப்படும் உச்ச அளவுகள்.

• மொத்தக் கரைந்த திண்மங்கள்: 500 மி.கி. (2000)
• மொத்தக் கடினத்தன்மை: 200 மி.கி. (600)
• புளோரைடு: 1.0 மி.கி. (1.5)
• நைட்ரேட்டு: 45 மி.கி. (தளர்வு இல்லை)

மிகை நைட்ரேட்டு கைக்குழந்தைகளின் குருதி ஆக்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும்; நைட்ரேட்டும் புளோரைடும் நீங்கா. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றே கூடவும் செய்யும். எனவே தெளிந்த கிணற்று நீரையும் ஆய்வகத்தில் சோதித்த பின்னரே குடிநீராகக் கொள்ளல் வேண்டும்.