பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும்

சவர்க்காரத்துக்குப் பெயர் வைப்பதிலும் அரசியல் இருக்கு. லீவர் பிரதர்ஸ் 1938இல் இலங்கைக்கு வந்தது. அதன் தொழிற்சாலை இருந்த கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். மூன்று வருடம் கழித்து, 1941இல், உள்ளூர்க் கம்பனி ஒன்று தொடங்கியது. அது தனக்கு வைத்த பெயர் 'சுவதேஷி'. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு வருடம் இருந்தது. அந்தப் பெயரே ஒரு பதில்தானே.

சுவதேஷியின் 'கொஹொம்ப' சவர்க்காரம் எங்கட வீடுகளுக்குள்ளயும் வந்தது. கொஹொம்ப என்றால் சிங்களத்தில் வேம்பு. தமிழ் வீட்டிலும் ஆரும் அதை வேப்பஞ் சவர்க்காரம் என்று கேட்டு வாங்குவதில்லை, "கொஹொம்ப ஒண்டு தாங்கோ" என்றுதான் கேட்பார்கள். எந்த மொழியில் இருந்தாலும் அந்தப் பெயர் உள்ளே என்ன இருக்கு என்று சொன்னது.

1975இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபெயார் அன்ட் லவ்லி' வேறு வகைப் பெயர். உள்ளே என்ன இருக்கு என்பதை அது சொல்லவில்லை, வாங்குகிறவள் என்ன ஆவாள் என்றது. தமிழில் எழுதும்போதும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் எழுத்தை மாட்டிவிட்டார்கள். 'வெள்ளையும் அழகும்' என்று மொழிபெயர்த்திருந்தால், "அப்ப கறுப்பெண்டால் அழகில்லையோ?" என்று ஒரு அம்மம்மாவாவது கேட்டிருப்பா. 2019இல் பெட்டியிலிருந்த இரண்டு முகங்களும் நிற அளவுகோலும் போயின. ஜோர்ஜ் ஃபிளொயிட் கொலைக்குப் பிறகு, 2020இல், பெயர் 'க்ளோ அன்ட் லவ்லி' ஆனது. பெயரை மாற்ற 45 வருடம் எடுத்திருக்கு.

ஆனால் பெயரைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருந்தால் பெட்டியின் பின்பக்கம் தப்பிவிடும். தோலை வெளுக்க வைக்கும் சில மலிவுக் கிறீம்களில் பாதரசம் சேர்க்கிறார்கள். அது தோலில் மெலனின் உருவாவதைத் தடுக்கும். தோல் வழியே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். 'பாதரசம்' என்று யாரும் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஒரு குறிப்புச் சொன்னது: தங்கம், வெள்ளி, அலுமினியம், இறப்பரில் படாமல் பாவிக்கவும் என்று லேபிளில் இருந்தால், உள்ளே பாதரசம் இருக்கலாம். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து கலவையாகிவிடும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. நகைக்கு ஆபத்து என்று சொல்லும் லேபிள், முகத்தைப் பற்றி வாய் திறக்காது.

மினமாட்டா உடன்படிக்கை, 2020க்குப் பிறகு 1 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் தடுத்தது. 2023இல் கூடிய நாடுகள் அந்த எல்லையையும் எடுத்துவிட்டு, 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எல்லாவற்றையும் நிறுத்த முடிவு செய்தன. தீர்மானம் ஜெனீவாவில். கிறீம் விற்பதோ வெள்ளவத்தை காலி வீதியில், ஜம்பட்டா வீதியில்.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நாங்கள் அதைப் பெயர்ப்பலகைகளிலும் அரச படிவங்களிலும் தேடிப் பழகிவிட்டோம். கிறீம் பெட்டியில் தேடுவது குறைவு. தமிழ் தெரிந்தவள் வாங்க வேண்டும் என்றால் முன்பக்கத்தில் தமிழ் வந்துவிடும். அவள் தெரிந்துகொள்ள வேண்டியது பல பெட்டிகளில் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் கிடக்கிறது. பெயரைத் தமிழில் போட இடம் இருக்கிற பெட்டியில், எச்சரிக்கையைத் தமிழில் போடவும் இடம் இருக்கும்.