கேரளத்தின் தொழில்நுட்பப் பூங்காக்களும் அக்ஷயா மையங்களும்

கேரளத்தில் தகவல் தொழில்நுட்பம் இரண்டு தடங்களில் வளர்ந்தது. 1990இல் திருவனந்தபுரத்தில் உருவான டெக்னோபார்க்கும் அதைப் பின்பற்றி எழுந்த பூங்காக்களும் ஒரு தடம். 2002இல் மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய அக்ஷயா கணினிப் பயிற்சி மையங்கள், பள்ளிக் கணினிக் கல்வி, கே-ஃபோன் இணைய வலையமைப்பு ஆகியவை மற்றொரு தடம். முதலாவது பட்டதாரிகளுக்கு வேலை தந்தது. பட்டம் பெறாத பெரும்பான்மையினரைக் கணினி எட்டியது இரண்டாவதன் வழியாகத்தான். பூங்கா வளர்ந்தால் அதன் பயன் மெல்ல ஊருக்குள் கசியும் என்று கேரளம் காத்திருக்கவில்லை. தனித் திட்டமும் தனி நிதியும் ஒதுக்கியது.

டெக்னோபார்க்

மாநில அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானை 1973இல் உருவாக்கி வழிநடத்திய கே. பி. பி. நம்பியாரே தொழில்நுட்பப் பூங்கா என்ற யோசனையையும் முன்வைத்தார். இ. கே. நாயனார் முதலமைச்சராகவும் கே. ஆர். கௌரி அம்மா தொழில்துறை அமைச்சராகவும் இருந்தபோது, 1990 ஜூலையில் டெக்னோபார்க் ஒரு தன்னாட்சிச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. ஜி. விஜயராகவன் அதன் முதல் தலைமைச் செயல் அலுவலர். கழக்கூட்டத்தை அடுத்து, கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்துக்கு அருகில் அமைந்த பூங்காவை 1995 நவம்பரில் பிரதமர் பி. வி. நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா இதுவே எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

நெருக்கமான குடியிருப்பும் நிலத் தட்டுப்பாடும் உள்ள மாநிலத்தில் பெரிய ஆலைகளுக்கு இடம் கிடைப்பது அரிது. தொழிற்சங்கப் போராட்டங்களை அஞ்சித் தனியார் முதலீட்டாளர்களும் தயங்கினார்கள். படித்தவர்களோ வேலை தேடி வளைகுடா நாடுகளுக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். புகை கக்காத, அதிக நிலம் கேட்காத மென்பொருள் தொழில் இந்தச் சூழலுக்குப் பொருந்தியது.

வளாகத்தின் கட்டடங்கள் பலவற்றுக்கு ஆறுகளின் பெயர்கள்: பம்பை, பெரியாறு, நிளா, காயத்ரி, சந்திரகிரி. நீலகிரியில் பிறந்து அட்டப்பாடி வழியாக மீண்டும் தமிழகத்துக்குள் வரும் பவானியும் அந்த வரிசையில் உண்டு. இன்று பூங்காவில் 70,000 பேருக்கு மேல் பணிபுரிகிறார்கள். 2023-24இல் அங்கிருந்து ஏற்றுமதியான மென்பொருளின் மதிப்பு 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கொச்சி காக்கநாட்டில் 2004இல் இன்ஃபோபார்க்கும், பின்னர் கோழிக்கோட்டில் சைபர்பார்க்கும் எழுந்தன. குண்டறை, சேர்த்தலை, கொரட்டி போன்ற சிற்றூர்களிலும் இவற்றின் கிளைகள் திறக்கப்பட்டன.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. துபாயின் டீகாம் நிறுவனத்தோடு சேர்ந்து கொச்சியில் ‘ஸ்மார்ட் சிட்டி’ அமைக்க முதலில் தயாரான வரைவில், அரசின் இன்ஃபோபார்க்கையே அந்நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பிரிவு இருந்தது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி. எஸ். அச்சுதானந்தன் அதை எதிர்த்தார்; முதலமைச்சரானதும் அந்தப் பிரிவை நீக்கி 2007இல் புதிய ஒப்பந்தம் செய்தார். 246 ஏக்கர் நிலத்துக்கு ஈடாக 90,000 வேலைவாய்ப்புகள் உறுதி அளிக்கப்பட்டன. அந்த எண்ணிக்கையின் அருகில்கூடத் திட்டம் போகவில்லை. 2024 டிசம்பரில் மாநில அமைச்சரவை நிலத்தைத் திரும்பப் பெற முடிவு செய்தது.

அக்ஷயா

அக்ஷயாவை எழுத்தறிவு இயக்கத்தின் தொடர்ச்சியாகக் கொள்வதே பொருத்தம். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தவர், முதிர்ந்த வயதில் எழுதப் படிக்கக் கற்ற மலப்புரத்துப் பெண் சேலக்கோடன் ஆயிஷா. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சி அமைப்புகளின் கையில் கொடுத்தது. ஆக, வீடு வீடாக ஏறி இறங்கிப் பழகிய தொண்டர்களும் செலவழிக்கப் பணமுள்ள பஞ்சாயத்துகளும் அக்ஷயாவுக்கு முன்பே தயாராக இருந்தன. இந்த அடித்தளம் இல்லாத மாநிலங்கள் அக்ஷயாவை நகலெடுக்க நினைத்தால், மையங்களைத் திறக்கலாம். ஆட்களை வரவழைப்பது கடினம்.

2002 நவம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மலப்புரம் மாவட்டத்தின் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவருக்காவது கணினி இயக்கக் கற்றுத்தருவது முதல் இலக்கு. ஏறத்தாழ ஆயிரம் குடும்பங்களுக்கு ஒரு மையம், எந்த வீட்டிலிருந்தும் இரண்டு கிலோமீட்டருக்குள் என்று கணக்கிட்டு இடங்கள் குறிக்கப்பட்டன. மையங்களை அரசு ஊழியர்கள் நடத்தவில்லை. உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழில்முனைவோர் கடன் வாங்கிக் கணினிகள் போட்டார்கள். பயிற்சிக்குத் தலைக்கு 140 ரூபாய். அதில் 120 ரூபாயை உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றன, கற்றவர் கொடுத்தது 20 ரூபாய்.

மலப்புரத்தைத் தேர்ந்தெடுத்ததும் நல்ல கணிப்பு. வளைகுடாவில் கணவனோ மகனோ வேலை பார்க்காத தெரு அங்கே குறைவு. தொலைபேசிக் கட்டணம் கையைக் கடித்த அந்தக் காலத்தில், மின்னஞ்சலும் இணையம்வழிப் பேச்சும் வீட்டுப் பெண்களை மையத்துக்கு அழைத்துவந்தன; வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

பயிற்சி முடிந்ததும் நெருக்கடி வந்தது. பஞ்சாயத்துப் பணம் நின்றது, கடன் தவணை நிற்கவில்லை. மேடு பள்ளமான நிலத்தில் கம்பியில்லா இணைப்பும் அடிக்கடி தடுமாறியது. மையங்கள் பல மூடப்பட்டன. எஞ்சியவற்றைக் காப்பாற்றியது அரசுச் சேவை: மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம், பின்னர் ஆதார் பதிவு, ரேஷன் அட்டை விண்ணப்பம், வருமானச் சான்றிதழ். வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்துக் கிடந்த வேலை, ஊர் நாற்சந்திக்கு வந்து சேர்ந்தது. கணினி வகுப்பாகப் பிறந்த அக்ஷயா இன்று மலையாளிகளுக்கு விண்ணப்பம் போடும் இடம். கட்டண விகிதத்தை அரசு நிர்ணயிப்பதால் இழுபறி ஓய்வதில்லை: கூடுதலாக வாங்குகிறார்கள் என்று வருவோரும், கட்டுப்படியாகவில்லை என்று நடத்துவோரும் முறையிடுகிறார்கள்.

பள்ளிகளும் கே-ஃபோனும்

2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் அரசுப் பள்ளிகளில் கணினியைப் பாடமாக்கியது. பத்தாம் வகுப்புத் தேர்விலும் அது இடம்பெற்றது. சில ஆண்டுகளில் பள்ளிகள் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உரிமக் கட்டணம் மிச்சமானது. மலையாளத்தில் இயக்கும் வசதியும் கிடைத்தது. 2017 முதல் கைட் என்ற அரசு நிறுவனம் இதை நடத்துகிறது. 2020 ஜூனில் பள்ளிகள் திறக்க முடியாதபோது, இதன் விக்டர்ஸ் தொலைக்காட்சி மாநிலம் முழுவதற்கும் பாடம் நடத்தியது.

2017 நிதிநிலை அறிக்கையில் இணையம் குடிமக்களின் உரிமை என அறிவித்த கேரளம், மின்வாரியத்தின் கம்பங்கள் வழியே கண்ணாடி இழை இழுத்து கே-ஃபோனை அமைத்தது. 30,000 அரசு அலுவலகங்களுக்கு இணைப்பு, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்பது இலக்கு. 2023 ஜூன் 5 அன்று அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, சட்டமன்றத் தொகுதிக்கு நூறு என 14,000 குடும்பங்கள் முதல் கட்டத்தில் இலவச இணைப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. இலக்குக்கும் தொடக்கத்துக்கும் இருந்த இந்த இடைவெளியே கே-ஃபோன் மீதான முதன்மை விமர்சனம்.

திறன்பேசி பரவிய பின் அக்ஷயாவின் பழைய பாடம் மறுபடி தேவைப்பட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை பஞ்சாயத்தில் தொண்டர்கள் நூறுநாள் வேலைத் தளங்களுக்கே போய், ஓய்வு நேரத்தில் தொழிலாளர்களுக்குத் திறன்பேசியைக் கற்றுத்தந்தார்கள். 2022இல் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. அந்த முறையை மாநிலம் முழுவதும் விரித்த ‘டிஜி கேரளம்’ திட்டத்தில் 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றார்கள். மேல் வயது வரம்பு வைக்காததால் அவர்களில் 90 வயதைக் கடந்தவர்களும் இருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் கேரளத்தை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தார்.